ஆவி வேஷம் கேட்டு வந்தவர்கள்

புயலில் போன கிளீட்டஸ், அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம், நாடக ஒத்திகை தொடங்குகிற நேரத்துக்குச் சரியாக வெண்மணல்துறை பங்கு மண்டபத்துக்குள் நுழைந்து, உடம்பெல்லாம் கடல்தண்ணீர் சொட்டச் சொட்ட மேடையேறி, மூலையில் கிடந்த நங்கூரச் சங்கிலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வருஷாவருஷம் தான் நிற்கிற இடத்தில் போய் நின்றான். யாரும் அலறவில்லை. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை மட்டும் "தரையெல்லாம் நனையுதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவன் காலடியில் விரித்தார்.

வெண்மணல்துறையில் கிறிஸ்துமஸ் என்றால் குடில், கேக், நடுச்சாமப் பூசை எல்லாவற்றுக்கும் மேலே இந்த நாடகம்தான். கதை ஊருக்கெல்லாம் மனப்பாடம். ஒரு கஞ்ச முதலாளி. ஊரே பண்டிகை கொண்டாடும்போது கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சிக்கு உப்பு மிச்சம் பிடிக்கிறவர். கடலில் செத்துப்போன அவருடைய பழைய கூட்டாளி நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்று, இப்படியே இருந்தால் உன் சவப்பெட்டியைத் தூக்க ஒரு தோளும் கிடைக்காது என்று எச்சரிக்க, முதலாளி பதறியெழுந்து களஞ்சியத்தைத் திறந்து ஊருக்கெல்லாம் வாரிக்கொடுப்பார், பாடகர் குழு பாடும், திரை விழும். கஞ்சன் வேஷம் எப்போதும் மார்சல் முதலாளிக்கு. அவர் நிஜத்திலும் அப்படித்தான் என்பதால் தனியாக நடிக்க வேண்டியதில்லை என்று ஊரில் சொல்வார்கள், அதைக் கேட்டு அவரே சிரிப்பார். ஆவி வேஷம் கிளீட்டஸுக்கு. நாடகத்தை எழுதுகிறவளும், வேஷம் பிரிக்கிறவளும், திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிறவளும் பால்வாடி டீச்சர் கில்டா.

அந்த வருஷம் நாடகமே வேண்டாம் என்றுதான் கில்டா இருந்தாள். புயல் அடித்த அன்று கடலுக்குள் இருந்த வள்ளங்களில் திரும்பியவை கொஞ்சம், திரும்பாதவை அதிகம். உடம்பாகக் கரைக்கு வந்தவர் ஒருவருமில்லை. திரும்பாதவர்களில் அவள் புருஷன் ததேயுவும் ஒருவன், கிளீட்டஸ் போன அதே வள்ளத்தில் போனவன். ஆனால் பங்குச்சாமியார், "ஊரு ஒரு வருஷமா வாயே திறக்கல்ல டீச்சர், நாடகமாவது பேசட்டும்" என்று கேட்டுக்கொண்டதால் அவள் மண்டபத்தைத் திறந்து, மிஞ்சிய ஆண்களையும் பையன்களையும் உட்காரவைத்து, "ஆவி வேஷத்துக்கு யாரு வாறீங்கோ?" என்று கேட்டாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் கிளீட்டஸ் வந்தான்.

அவன் மனைவி பெனிட்டாவுக்கு ஆள் ஓடியது. அவள் மாவு பிசைந்த கையோடு வந்து, மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "வந்திட்டீங்களா?" என்றாள். கிளீட்டஸின் கண் பெனிட்டாவின் மேல் இருந்தது, காது கில்டாவின் பக்கம் இருந்தது. கில்டாவுக்கு அது புரிந்தது. பழைய பழக்கத்தில், உதடு மட்டும் அசைய, முதல் வசனத்தை எடுத்துக்கொடுத்தாள். கிளீட்டஸ் தன்னுடைய அந்தத் தடித்த, கள்ளுக்குடம் உருள்வதுபோன்ற குரலில், "கூட்டாளி, எழும்பு! கடலுக்கு அடியிலிருந்து உனக்காக வந்திருக்கிறேன்!" என்றான். கட்டிலில் படுத்திருந்த மார்சல் முதலாளி முதல்தடவையாக உண்மையாகவே நடுங்கினார். பெனிட்டா அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு வருஷமாக அழாத அழுகையை அழுது தீர்த்தாள்.

எடுத்துக்கொடுத்ததை மட்டும் பேசினான், வேறொன்றும் பேசவில்லை. மேடையைவிட்டு இறங்கவில்லை. ஒத்திகை முடிந்து விளக்கை அணைத்ததும் இல்லாமல் போனான், மறுநாள் விளக்கைப் போட்டதும் இருந்தான். சாமியார் வந்து பார்த்தார், தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார், கையில் ஒட்டிய ஈரத்தை அங்கியில் துடைத்துக்கொண்டு, "ஒத்திகைய சாயங்காலம் சீக்கிரம் தொடங்குங்கோ, பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கில்டா பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருட்டிக்கொண்டிருந்தபோது ஜெனோவா வந்து வாசலில் நின்றாள். இவளுடைய புருஷனும் புயலில் போனவன். உயிரோடு இருந்த காலத்தில் இவளை அடிக்காத நாள் குறைவு என்பது தெருவுக்கே தெரியும்.

"டீச்சர், நாடகத்துல ஒரு ஆவிதானா?"

"ஒண்ணுதான். ஏன்?"

"ரெண்டாக்குனா என்ன? எனக்க ஆளுக்கும் ஒரு வேஷம் குடுங்கோ. வேஷம் இருந்தா வருவாரு. கிளீட்டஸ் அண்ணன் அப்படித்தானே வந்தாரு?"

"அவருக்கு என்ன வசனம் வைக்க?"

"வசனம் ஒண்ணும் வேண்டாம். சும்மா நிக்கட்டும். நான் பேசணும், அவரு கேக்கணும். ஒரு தடவையாவது கேக்கணும்."

கில்டா அன்று ஜெனோவாவின் புருஷனுக்கும் ஓர் ஆவியை எழுதினாள். கூட்டாளிக்குப் பின்னால் பேசாமல் நிற்கிற ஆவி. சாயங்காலம் விளக்குப் போட்டபோது அவன் நின்றுகொண்டிருந்தான், நெற்றியில் பாசி ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு. ஜெனோவா மேடையோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும், கல்யாண நாளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். பக்கத்திலிருந்தவர்கள் ஒத்திகைக்கு இடைஞ்சல் இல்லாமல் அவளை மெதுவாகப் பேசச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பிறகு எல்லோரும் வந்தார்கள். மாவரைக்கப் போகிற வழியில் வந்தார்கள், பூசைக்குப் பிறகு வந்தார்கள், மீன்கூடையை இறக்கிவைத்து வந்தார்கள். எனக்க மாப்பிளைக்கு ஒரு வேஷம், எனக்க தம்பிக்கு ஒரு வேஷம், எனக்க மகனுக்கு, எனக்க அப்பனுக்கு. ஒரு கஞ்சனைத் திருத்த ஓர் ஆவி போதும் என்றிருந்த நாடகத்தில் ஜன்னலைத் தட்டுகிற ஆவி வந்தது, விளக்கை அணைக்கிற ஆவி வந்தது, கஞ்சனின் செருப்பை ஒளித்துவைக்கிற ஆவி, பசியால் செத்த ஆவி, பெட்டி தூக்குகிற ஆவிகள், பெட்டிக்குப் பின்னால் நடக்கிற ஆவிகள் எல்லாம் வந்தன. எழுதிய அன்றே அவர்கள் வந்தார்கள், எழுதாதவர் வரவில்லை. மேடை கொள்ளாமல் போனபோது ஊரார் கூடிப் பேசி, பனங்கம்பும் பலகையும் போட்டு மேடையை முன்னால் நீட்டினார்கள். கோயில்பிள்ளை சாக்குகளுக்குப் பதிலாக மண்டபம் முழுக்கக் கடல்மணலைக் கொட்டிப் பரப்பினார். பிள்ளைகள் அப்பன்மார் காலடியில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதினார்கள்; நனைந்த பக்கங்களைப் பள்ளிக்கூடத்தில் யாரும் கண்டிக்கவில்லை. சமைத்ததைக் கொண்டுவந்து படைத்த பெண்கள், அவர்கள் தொடாததைப் பார்த்து, மறுநாள் முதல் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் தலைக்குப் பூ வைத்து வருவதை நிறுத்தவில்லை.

எல்லோருக்கும் முதலில், பெனிட்டா அழுத அந்த முதல் நாள் இரவே, யாரிடமும் சொல்லாமல், கில்டா ததேயுவுக்கு ஒரு வேஷம் எழுதியிருந்தாள். கூட்டாளியின் சங்கிலியை மறுமுனையில் பிடித்துக்கொண்டு வருகிற ஆவி. ஒரே வள்ளத்தில் போனவர்கள், ஒரே சங்கிலியைப் பிடித்து வரட்டும் என்று. மறுநாள் சங்கிலியோடு வந்தது கிளீட்டஸ் மட்டும்தான், அதன் மறுமுனை தரையில் கிடந்தது. அவள் வேஷத்தை மாற்றினாள். ததேயுவுக்கு நடிப்பு வராது, கூச்சக்காரன், ஆட்கள் முன்னால் நிற்கவே மாட்டான். ஆகவே திரைக்குப் பின்னால் நின்று மணி அடிக்கிற ஆவி ஒன்று எழுதினாள். வரவில்லை. கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுகிற ஆவி. வரவில்லை. கட்டிலில் கஞ்சனுக்குப் பதிலாகப் படுத்துத் தூங்குகிற ஆவி. தூங்குவது அவனுக்குப் பிடிக்கும். கட்டில் காலியாகவே கிடந்தது.

"அவரு சாகல்ல டீச்சர், அதான் வரல்ல" என்றாள் பெனிட்டா. "எங்கியோ கரை ஒதுங்கிக் கெடக்காரு. நீங்க குடுத்துவச்சவ." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது அன்புதானா என்று கில்டாவால் சொல்ல முடியவில்லை. தெருவில் மற்றவர்களும் அதையே சொன்னார்கள், முதலில் ஆறுதலாக, பிறகு பொறாமையாக, கடைசியில் அவள் எதையோ மறைப்பதுபோல. அவன் செத்துவிட்டான் என்று கில்டாவுக்குத் தெரியும். பிளந்த வள்ளத்தைக் கடற்படைக்காரர்கள் காட்டிய படத்தில் அவள் பார்த்திருந்தாள். உயிரோடு இருப்பவனுக்காகக் காத்திருப்பது ஒருவிதம், செத்தவனுக்காகக் காத்திருப்பது வேறுவிதம். செத்தும் வராதவனுக்காகக் காத்திருப்பதற்கு ஊரில் யாரிடமும் வார்த்தை இல்லை.

இரண்டாவது ஞாயிறு பெனிட்டா ஒரு புது விண்ணப்பத்தோடு வந்தாள். எடுத்துக்கொடுத்ததைப் பேசுகிறார் என்றால், எடுத்துக்கொடுப்பதை மாற்றினால் என்ன?

"அவரு இந்த மார்சலுகிட்டத்தான் பேசுகாரு. எனக்கிட்ட ஒரு வார்த்தை பேசுறமாதிரி எழுதித் தாருங்கோ டீச்சர்."

"என்ன பேசணும்?"

"எனக்கென்ன தெரியும்? உசுரோட இருந்தப்ப அவரு எனக்கிட்ட என்ன பேசினாரு? வலை, டீசல், கஞ்சி. நல்லதா ஒண்ணு நீங்களே எழுதுங்கோ. உங்களுக்குத்தானே எழுத்து வரும்."

கில்டா உட்கார்ந்து பார்த்தாள். கிளீட்டஸ் ஒரு பெண்ணிடம் நல்லதாக என்ன பேசுவான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணிடம் ஓர் ஆண் நல்லதாகப் பேசியது என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ததேயு அவளிடம் பேசியதுதான். அவன் கடலிலிருந்து விடியலில் வந்து, புறவாசல் கதவைத் தட்டி, கூச்சத்தோடு ஒரே வாக்கியத்தைத் தினமும் சொல்வான். அதை எடுத்து எழுதினாள்.

அன்று சாயங்காலம் கிளீட்டஸ் மார்சலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேடையின் விளிம்புக்கு வந்து, பெனிட்டாவைப் பார்த்து, "கதவைத் திற பிள்ளே, கடல் வந்திருக்கு" என்றான்.

பெனிட்டா பதினாறு வயதுப் பெண்போல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மண்டபம் முழுவதும் சிரித்தது. அந்த ஊரில் ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. கில்டாவும் சிரித்தாள். நன்றாக இருக்கிறது, வீட்டுக்குள் பூட்டிக்கிடப்பதைவிட இது நல்லதுதான் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. ததேயு மெலிந்த அவளைச் 'சாளை' என்று கூப்பிடுவான், வலையில் முதலில் சிக்குகிற, விலைபோகாத, ஆனால் அவன் விரும்பித் தின்கிற மீனின் பெயரை வைத்து. அதை, புருஷன் தன்னை ஒருநாளும் பெயர்சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை என்று அழுத ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாள். பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வந்த பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உனக்கு நான் பிள்ளை, எனக்கு நீ பிள்ளை, வேற யாரு வேணும்" என்று அவன் சொன்னதைப் பக்கத்துத் தெருவில் பிள்ளையில்லாமல் தனியாகிப்போனவளுக்குக் கொடுத்தாள். சண்டை போட்டு அவன் சோறு தின்னாமல் போன நாளில் கடலிலிருந்து போன் பண்ணி, "பசிக்கு, உனக்க கோவம் தீந்துதா?" என்று கேட்டதைக்கூட, சண்டையோடு அனுப்பிவிட்டேனே என்று மாரில் அடித்துக்கொண்ட ஒருத்திக்குக் கொடுத்தாள்.

கடைசியாக லில்லிமேரி வந்தாள். மகன் ஜோபின், மீசை அரும்பியவன், முதல்தடவையாகக் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். லில்லிமேரி அன்றிலிருந்து தூங்கவே இல்லை. கண் இரண்டும் பழுத்துக் குழிக்குள் கிடந்தன.

"நீங்க என்ன எழுதுனாலும் சரி டீச்சர். எனக்கு எதுவும் கேக்கத் தெரியல்ல."

கில்டா தன்னிடம் மிச்சமிருந்ததைப் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. அதைக் கொடுக்கக்கூடாது என்று வைத்திருந்தாள். அம்மா செத்த வாரம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது ததேயு பாயருகே உட்கார்ந்து, அவள் கண் திறக்கும்போதெல்லாம் சொன்னது அது. அதற்குப் பிறகு, காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், படுக்கப்போகும் நேரமெல்லாம் சொன்னது. லில்லிமேரியின் கண்களை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு எழுதினாள்.

ஜோபின் மேடையில் நின்று, உடைந்துகொண்டிருந்த இளங்குரலில், "நீ ஒறங்கு. நான் முழிச்சிருக்கேன்" என்றான்.

லில்லிமேரி அந்த மணலிலேயே சாய்ந்தாள். நான்கைந்து பேர் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் படுக்கவைத்தார்கள். மறுநாள் மத்தியானம் கோயில் மணி அடித்தபோதும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், வாயோரம் எச்சில் வழிய, குழந்தைபோல. தெருவில் போன வண்டிகளை ஆட்கள் ஒலிப்பான் அடிக்கவிடாமல் தடுத்து நிறுத்தினார்கள். எல்லோரும் வந்து கில்டாவின் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள்.

அன்று படுக்கும்போது கில்டா வழக்கம்போல ததேயு அதைச் சொல்வதாக நினைத்துப் பார்த்தாள். கேட்டது. ஆனால் கேட்டது ஜோபினின் குரல். அவள் எழுந்து உட்கார்ந்தாள். 'கதவைத் திற பிள்ளே' என்று நினைத்தாள். கிளீட்டஸின் கள்ளுக்குடக் குரல் உருண்டது. சாளை என்று நினைத்தாள். வேறொருத்தியின் புருஷன் மூக்கால் கூப்பிட்டான். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், ஒவ்வொன்றிலும் வேறொரு தொண்டை இருந்தது. விடியும்வரை அவள் தன் புருஷனின் குரலைத் தேடிக்கொண்டு அந்தச் சின்ன வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் நாடகம். அதற்கு முன்னாலேயே பெண்கள் சாமியாரிடம் போய், நாடகத்தைப் பொங்கலுக்கு, அல்லது ஈஸ்டருக்குத் தள்ளிவைக்கக் கேட்டார்கள். ஒத்திகையே நடக்கட்டும், நாடகம் நடக்கவேண்டாம் என்றார்கள். சாமியார், "பெறந்தநாளைத் தள்ளிவைக்க நான் யாரு மக்கா?" என்றார்.

மண்டபம் நிறைந்து, வாசலும் நிறைந்து, மதில்மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நிற்க இடமில்லாமல் செத்தவர்கள் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். அவர்களிடமிருந்து வடிந்த தண்ணீர் மணலையும் மீறி முன்வரிசைக்காரர்களின் காலை நனைத்தது, யாரும் காலை எடுக்கவில்லை. நாடகம் அதன் போக்கில் நடந்தது. ஒவ்வோர் ஆவியும் கஞ்சனைப் பார்த்துச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, திரும்பி, தன் ஆளைப் பார்த்து, தனக்கென்று எழுதியதைச் சொன்னது. ஜெனோவா மட்டும் அன்று ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், சொல்லவேண்டியதெல்லாம் தீர்ந்திருந்தது. மார்சல் முதலாளி கட்டிலிலிருந்து எழுந்தார், அழுதார், மண்டியிட்டார், களஞ்சியத்தைத் திறந்தார், வாரிக்கொடுத்தார். பாடகர் குழு பாடி முடித்தது.

இனித் திரை விழவேண்டும். கயிறு கில்டாவின் கையில் இருந்தது.

"இழுக்காண்டாம் டீச்சர்!" என்று பெனிட்டா கத்தினாள். "கொஞ்ச நேரம் நிக்கட்டும்!"

கில்டா இழுக்கவில்லை. பாட்டு முடிந்த அமைதியில், மேடையிலிருந்த அத்தனை பேரும் மெல்ல அவள் நின்ற பக்கம் திரும்பினார்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அடுத்த வசனத்துக்காகக் காத்து நின்றார்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள், எல்லாம் பேசி முடித்தவை. மனத்தைப் புரட்டினாள், எல்லாம் கொடுத்து முடித்தவை. உயிருள்ளவர்களும் இல்லாதவர்களுமாக ஓர் ஊரே தன் வாயைப் பார்த்து நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. கயிற்றை இழுத்துவிட்டாள்.

பெண்கள் ஓடிவந்து திரையை விலக்கியபோது மேடையில் தண்ணீர் மட்டும் கிடந்தது. பலகை இடுக்குகள் வழியாக அது சொட்டிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மார்சல் முதலாளி நிஜமாகவே திருந்தினார். புதுவருஷத்தன்று தன் வள்ளங்களையெல்லாம் புயலில் ஆளிழந்த வீடுகளுக்கு எழுதிக்கொடுத்தார். யாரும் அவரை நம்பவில்லை, பிறகு நம்பினார்கள், நம்பியும் என்ன, அவற்றைக் கடலில் இறக்க அந்த வீடுகளில் ஆண்கள் இல்லை. வள்ளங்கள் கரையில் வெயிலில் கிடந்து வாய் பிளந்தன. அவர் தினமும் போய் அவற்றின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார்.

தை மாதத்தில் பெண்கள் மறுபடி ஒத்திகை வைத்துப் பார்த்தார்கள். விளக்குப் போட்டார்கள், மணல் மாற்றினார்கள், பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் வரவில்லை. புது வேஷங்கள் எழுதச் சொன்னார்கள், கில்டா எழுதினாள், அதற்கும் வரவில்லை. "அண்ணைக்கு இன்னும் நாலு வரி எழுதி வச்சிருந்தா நின்னிருப்பாங்க" என்று யாரோ சொன்னது, எல்லோரும் சொல்வதாக ஆனது. "அவளுக்க ஆளு வரல்ல, அதான் இழுத்து மூடிட்டா" என்று லில்லிமேரியே சொன்னதாகக் கில்டா கேள்விப்பட்டாள். லில்லிமேரி நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தாள்.

பெண்கள் அவளோடு பேசுவதைக் குறைத்தார்கள். ஆனால் அவள் கொடுத்ததையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தார்கள். குழாயடியில் பெனிட்டா, "எனக்க மாப்பிள எண்ணைக்கும் புறவாசல்ல வந்து நின்னு சொல்லுவாரு, கதவைத் திற பிள்ளே, கடல் வந்திருக்குன்னு. கல்யாணம் ஆன நாளுலேந்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் கதவு தட்டி விளையாடும்போது அதைச் சொன்னார்கள். பால்வாடியில் ஒரு குழந்தை இன்னொன்றைத் தட்டிக்கொடுத்து, "நீ ஒறங்கு, நான் முழிச்சிருக்கேன்" என்றது. யாருடையது என்று இனி யாரும் கேட்கமுடியாதபடி, அவை ஊருடையவையாக ஆகிவிட்டன.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம், சிலுவைப்பாதைக்குப் பெஞ்சுகள் எடுக்கவேண்டும் என்று சாமியார் சாவி கொடுத்தனுப்ப, கில்டா மண்டபத்தைத் திறந்தாள். விளக்குப் போடவில்லை, ஜன்னல் வெயில் போதுமாக இருந்தது. மேடையில் ததேயு நின்றுகொண்டிருந்தான்.

அவன் எதற்கும் நேரத்துக்கு வந்தவனில்லை. கல்யாணப் பூசைக்கே நற்செய்தி வாசித்த பிறகு வந்தவன். நீலச்சட்டையின் ஒரு கை கிழிந்து தொங்க, முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, கூட்டம் இல்லாத மண்டபத்தில் கூச்சமில்லாமல், திரைப்பக்கம், அவள் எப்போதும் நிற்கிற இடத்தைப் பார்த்து நின்றிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

கில்டா ஓடவில்லை. நடந்துபோய்த் திரையருகே தன் இடத்தில் நின்றுகொண்டாள். அவன் முகம் ஒரு கைநீட்டுத் தூரத்தில் இருந்தது. எடுத்துக்கொடுத்தால் பேசுவான்.

'கதவைத் திற பிள்ளே' என்பது நாக்குவரை வந்தது. அதை இவன் சொன்னால் கிளீட்டஸ் சொல்வதை இவன் திருப்பிச் சொல்வதுபோல இருக்கும். அதை விட்டாள். சாளை என்று ஆரம்பித்து விட்டாள். 'நீ ஒறங்கு' என்று ஆரம்பித்து விட்டாள். புதிதாக ஒன்று, யாரிடமும் போகாத ஒன்று, இவன் சொல்லாவிட்டாலும் சொல்லியிருக்கக்கூடிய ஒன்று என்று தேடினாள். நினைத்ததெல்லாம் யாரோ ஒருத்தியின் புருஷன் யாரோ ஒருத்திக்குச் சொல்லிவிட்டதாகவே இருந்தது. அவன் காத்து நின்றான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக, முன்பைவிட மெதுவாக, காய்ந்துகொண்டு வருகிற துணியிலிருந்து சொட்டுவதுபோல.

அவளுக்குக் குரல் வேண்டும். என்ன சொன்னாலும் சரி, அந்தக் குரல் வேண்டும். நாடகத்தில் எந்தப் பெண்ணும் கேட்டு வாங்காமல் மிச்சமிருந்தது மார்சலின் வசனங்கள் மட்டும்தான், கூட்டாளியின் ஆவியைக் கண்டு பயந்து, தெரியாதவர்போலக் கஞ்சன் பேசுகிறவை. வேறு வழியில்லாமல் அதில் முதல் வரியை, உதடு மட்டும் அசைய, எடுத்துக்கொடுத்தாள்.

ததேயு அவளைப் பார்த்தான். எப்போதும் சளி கட்டியதுபோல் லேசாகக் கரகரத்து, சொல்லின் கடைசியில் தாழ்ந்துபோகிற, அவனுடையதேயான அந்தக் குரலில், "யார் நீ? உன்னை நான் பார்த்ததே இல்லையே" என்றான்.

கில்டா கண்ணை மூடிக்கொண்டாள். குரல் அப்படியே இருந்தது. எதுவும் போகவில்லை.

"நான் கில்டா" என்றாள்.

அதற்கு அவனிடம் பதில் வசனம் இல்லை. வாய் திறந்தபடி நின்றான். வெளியே பெஞ்சு எடுக்க வந்தவர்கள் கதவருகே பேசிக்கொண்டு நிற்கிற சத்தம் கேட்டது. அவள் போய், உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து, மறுபடி உதட்டை அசைத்தாள்.

"யார் நீ? உன்னை நான் பார்த்ததே இல்லையே."

"கில்டா" என்றாள். "உனக்க கில்டா." பிறகு மறுபடி எடுத்துக்கொடுத்தாள்.